இரண்டு பேர் இழுத்தும் வராத காந்தம்

"மறுபடியும் முயற்சிக்கவும்" என்றது சுவரிலிருந்த பெண் குரல்.

கிடங்கு வாசலில் ஆள் உயர இரும்புக் கிராதிக் கதவு. பக்கத்துச் சுவரில், விரல் ரேகை பார்த்துத் திறந்துவிடும் கையகலப் பெட்டி. உள்ளே போகவும் ரேகை வேண்டும், வெளியே வரவும் வேண்டும். சரக்கு நழுவாமலிருக்க முதலாளி செய்த ஏற்பாடு. அந்தப் பெட்டியின் முன் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கட்டைவிரலை வைத்தார், எடுத்தார், கால்சட்டையில் தேய்த்தார், திரும்ப வைத்தார்.

"மறுபடியும் முயற்சிக்கவும்."

பின்னால் நின்ற இளைஞன் சில்லறைக்கு வாய் சும்மா இருக்குமா? "பொண்ணு கேட்டுப் போன வீட்டுல கூட இத்தனை தடவை முகத்துல அடிக்க மாட்டாங்க சார்" என்றான்.

காவலாளி கூண்டிலிருந்து அலுப்போடு எழுந்து வந்து தன் கட்டைவிரலை வைத்தான். கதவு திறந்தது. "ரெண்டு நாளா இதே பாடு மச்சான் சார். உங்க ரேகை எங்கதான் போச்சு?"

"உழைச்சு உழைச்சுத் தேஞ்சு போச்சுய்யா" என்று சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டை உள்ளே போனது. உழைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் காவலாளியின் மீசை ஒரு பக்கமாகக் கோணியது.

அவர் முதலாளி மனைவியின் தம்பி. முதலாளிக்கு மச்சான். ஆனால் பெருக்குகிறவர் முதல் கணக்கர் வரை எல்லோருக்கும் அவர் 'மச்சான் சார்'தான். கிடங்குக்கு வேண்டிய திருகாணியிலிருந்து டயர் வரை வாங்குவது அவர் பொறுப்பு.

"தம்பி, வாயை மூடிட்டுக் கண்ணைத் திற" என்றார் தராசு.

தராசு என்பது அந்த அம்மாளுக்குச் சந்தை வைத்த பெயர். எடை அளவு இலாகாவில் இருந்தபோது, படிக்கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே அடியில் துளை போட்டிருக்கிறார்களா என்று சொல்லிவிடுவார். வேலையை விட்ட பிறகு துப்பறிய ஆரம்பித்தார். "ரெண்டும் ஒரே தொழில்தான். எவன் கட்டைவிரல் எந்தத் தட்டை அழுத்துதுன்னு பாக்கணும், அவ்வளவுதான்" என்பார். சில்லறை அவருடைய கணவரின் தம்பி. கார் ஓட்டுவது, பை தூக்குவது, தேவையில்லாத இடத்தில் சிரிக்கவைப்பது அவன் வேலை. பேச்சைச் சில்லறை சில்லறையாக இறைப்பதால் அந்தப் பெயர்.

கதவுக்கு வெளியே, கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு பெண் நின்றிருந்தாள். தையல்காரி. கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தராசைக் கூட்டி வந்தவள். அவள் புருஷன் இந்தக் கிடங்கின் வேன் டிரைவர். முந்தாநாள் மலைப்பாதையில் வேனை மறித்து, வேன் நிறைய இருந்த செல்போன்களை அள்ளிக்கொண்டு, டிரைவரைக் கட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். "ரேடியோவில் கத்தினேன், யாரும் பதில் சொல்லலை. திரும்பிப் பாத்தா கூரையில இருந்த ஆன்டெனா பறந்து போயிருந்துச்சு" என்பது டிரைவர் வாக்குமூலம். ஆனால் வேன் கிடைத்தபோது ஆன்டெனா கூரையில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்படியானால் டிரைவர் பொய்யன், பொய்யன் என்றால் கூட்டாளி. இப்போது அவன் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் இருக்கிறான். சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வருவார், முதலாளி புகாரில் கையெழுத்துப் போடுவார், பெஞ்சு கம்பிக் கதவாக மாறும்.

"அக்கா, அவரு பொய் சொன்னா காது சிவந்துடும். எனக்குத் தெரியும். நேத்து போய்ப் பாத்தேன், காது வெள்ளையா இருந்துச்சு" என்றாள் தையல்காரி.

"காதைக் கோர்ட்டுல காட்ட முடியாதேம்மா. வேற ஏதாவது பாப்போம்."

வேன் முற்றத்தின் நடுவில் நின்றது. முதலாளி ஏணியைத் தானே சாத்தி வைத்தார். தொண்டை பெரியது, மனசு மோசமில்லை, ஏமாந்துவிட்டோம் என்ற எண்ணம் மட்டும் நெஞ்சுக்குழியில் எரிந்துகொண்டிருந்தது.

"ஏறிப் பாருங்கம்மா. கூரையில ஓட்டை போட்டா மழை ஒழுகுது. அதனால எல்லா வண்டிக்கும் மேக்னட் பேஸ்தான். அடியில காந்தம், மேல ஆன்டெனா. இது காத்துல பறந்துச்சாம்! எங்க, உங்க ஆளை இழுக்கச் சொல்லுங்க."

சில்லறை ஏறினான். உள்ளங்கை அகலக் கறுப்பு வட்டு. அதன் மேல் முழ நீளக் கம்பி. வட்டைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. மூச்சைப் பிடித்து இழுத்தான். கூரைத் தகடுதான் 'டொய்ங்' என்று முனகியது.

"துணைக்கு ஆள் வரட்டும்" என்றான்.

துணைக்கு வந்தவர் வயர்லெஸ் அறைக்காரர். நாள் முழுக்க வண்டிகளோடு ரேடியோவில் பேசிப் பேசி, வீட்டிலும் வாக்கியத்தை 'ஓவர்' போட்டே முடிப்பவர். பெயரும் ஓவர்தான். "பிடிச்சாச்சு. இழுக்கலாம், ஓவர்" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். காந்தம் வரவில்லை. ஓவரின் சட்டைப் பித்தான்தான் வந்தது.

"அன்னிக்கு டிரைவர் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கவே இல்லையா?" என்றான் சில்லறை, கண்ணைச் சுருக்கி.

"வெறும் இரைச்சல். நான் நாலு தரம் கூப்பிட்டேன். பதில் இல்லை, ஓவர்."

சொல்லும்போது ஓவர் எச்சில் விழுங்கினார். சில்லறை அதை மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டான். ரேடியோ ஊமையானதை ரேடியோக்காரனைத் தவிர வேறு யாரால் செய்ய முடியும்?

தராசு ஏணியில் ஏறினார். வட்டைத் தொடவில்லை. அதைச் சுற்றித்தான் பார்த்தார். வெயிலில் வெளிறிய கூரையில், வட்டைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் புதுசாக, வளையமாக மின்னியது. வளையத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு நீளக் கீறல் கூரை ஓரம் வரை போனது. கீழே இறங்கி வேனின் பக்கவாட்டைப் பார்த்தார். அங்கே பிறை பிறையாகச் சில கீறல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஊஞ்சல் ஆடிய மாதிரி.

"பழைய வண்டிம்மா. கீறலுக்கா பஞ்சம்?" என்றார் முதலாளி.

"இதை வாங்கினது யாரு?"

"நான்தான்" என்றார் மச்சான், கைகளைப் பின்னால் கட்டியபடி. "கையில தூக்கிப் பாத்துத்தான் எதையும் வாங்குவேன். கனம் இருந்தா தரம் இருக்கும், என்ன சொல்றீங்க?"

"எங்க இலாகாவில அப்படிச் சொன்னா வேலை போயிடும்" என்றார் தராசு. "எந்தக் கடை?"

மச்சான் ஒரு கணம் யோசித்தார். "பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால. ரேடியோ சாமான் கடை."

வெளியே வந்ததும் தராசு தையல்காரியிடம் கை நீட்டினார். "உன் பை வார்ல கொத்தா ஊக்கு மாட்டியிருக்கியே, ஒண்ணு குடு. திருப்பித் தந்துடுவேன்."

"எதுக்குக்கா?"

"பொய் கிழிஞ்சிருந்தா குத்தி வைக்க" என்றான் சில்லறை.

*

ரேடியோ கடைக்காரர் கல்லாவிலிருந்து எழாமலே வாடிக்கையாளரை எடை போடுகிற ரகம். "வாங்க, வாங்க. வண்டிக்கா? மேக்னட் பேஸா? இதைப் பாருங்க" என்று ஒன்றை எடுத்துச் சில்லறை கையில் வைத்தார்.

சில்லறையின் கை தாழ்ந்தது. "அப்பாடி! அம்மிக்கல்லு. அண்ணி, இதையே எடுத்துக்கலாம். திருடன் வந்தா எறியவும் ஆகும்."

தராசு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாசல்ல நிக்கிற ஜீப் உங்களுதா?"

"ஆமா."

"அதுல எது வெச்சிருக்கீங்க?"

கடைக்காரர் முகத்தில் வியாபாரச் சிரிப்பு கழன்று நிஜச் சிரிப்பு வந்தது. இருபது வருஷமாக அந்தக் கேள்விக்குக் காத்துக்கொண்டே கடை நடத்துகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அம்மா நம்ம ஜாதி. வியாபார ஜாதியைச் சொல்றேன்" என்று, கீழ்த் தட்டிலிருந்து வேறொன்றை எடுத்தார். முன்னதைவிட அகலம், ஆனால் எடை குறைவு. "இதுதான் என் ஜீப்புல இருக்கு. அடி அகலமா இருக்கணும், அப்பத்தான் காத்துக்குக் கவுழாது. அடியில ரப்பர் முழுசா மூடியிருக்கணும், இல்லேன்னா நடுவில மணல் புகுந்து பெயிண்டைத் தின்னுடும். கேபிள் அடியில நுழையற இடம் ஆடக் கூடாது."

"பிடிப்பை எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"இழுத்துப் பாருங்க."

"இழுத்துப் பாத்துத்தான் ஏமாந்துட்டு வந்திருக்கோம்" என்றார் தராசு. கடையின் மெல்லிய இரும்பு அலமாரித் தட்டின் மேல் அகல வட்டை வைத்தார். தட்டுக்கு அடியில் கையை விட்டு, ஊக்கைத் தகட்டில் வைத்து விரலை எடுத்தார். ஊக்கு வௌவால் மாதிரி தொங்கியது. தகட்டைத் தாண்டி இழுக்கிற காந்தம்.

பிறகு 'அம்மிக்கல்' வட்டை அதே இடத்தில் வைத்தார். அடியில் ஊக்கு. விரலை எடுத்தார்.

கிளிங்.

தரையில் விழுந்த ஊக்கைச் சில்லறை வாயைப் பிளந்து பார்த்தான். "இவ்வளவு கனமா இருந்துட்டு...?"

"உள்ள ஈயக் கட்டி. காந்தம் சட்டைப் பித்தான் அளவுதான்" என்றார் கடைக்காரர், சங்கடமே இல்லாமல். "நிக்கிற வண்டிக்கு, மொட்டை மாடித் தகட்டுக்கு இது போதும். ஓடற வண்டிக்குன்னு கேட்டா நான் தர மாட்டேன். கேக்காதவங்களுக்கு நான் என்ன பண்றது? தூக்கிப் பாக்கறாங்க, கனமா இருக்கு, சந்தோஷமாப் போறாங்க."

"இதை வெச்சுக்கிட்டு மலை ஏறினா?"

"நேர் ரோட்டுல தாங்கும். மலையில எதிர்க்காத்து, வளைவு, குலுக்கல்... பட்டம்தான். கேபிள்ல தலைகீழாத் தொங்கிட்டு வண்டியோட விலாவில அடிச்சுக்கிட்டே வரும்."

"ரேடியோ?"

"கத்தலாம், கேக்காது. ஆன்டெனாவுக்குக் காலடியில அகலமா இரும்புத் தகடு வேணும்மா. அதுதான் அது நிக்கிற தரை. தரையில்லாதவன் பேச்சு எங்க எடுபடும்?"

காரில் ஏறியதும் சில்லறை உற்சாகத்தில் ஸ்டியரிங்கைத் தட்டினான். "புரிஞ்சுபோச்சு அண்ணி! மச்சான் ஈயக் கட்டியை வாங்கிட்டு நல்ல சரக்குக்குப் பில் போட்டிருக்கான். எல்லா வண்டியிலயும் இதே கதைதான்."

"எல்லா வண்டியிலயுமா? பாத்தியா?"

"பாக்கணுமா?"

"விக்கிறவன் சொன்னாலே நம்பக் கூடாது. இங்க நீயே சொல்லிட்டு நீயே நம்பறே" என்று ஊக்கை அவன் சட்டைப் பையில் குத்தினார் தராசு. "போனதும் முற்றத்துல நிக்கிற மத்த வேன் எல்லாத்துலயும் உள்ள ஏறி, கூரைக்கு அடியில இதை வெச்சுப் பாரு. ஒண்ணு விடாம."

சிறிது தூரம் போனதும் சில்லறை கேட்டான். "ஆனா ஒண்ணு இடிக்குது. ஈயக் கட்டின்னா ரெண்டு பேர் இழுத்தும் ஏன் வரலை?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டு வர்றேன். பல்லில்லாத நாய் எப்படிக் கவ்வுச்சு?"

*

வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது. காவலாளி கதவைத் திறந்தான். தையல்காரி வெளியிலேயே கிராதியைப் பிடித்தபடி நின்றாள். இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்துவிட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருக்க, முதலாளி புகார்த் தாளைத் தொடைமேல் வைத்துப் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

சில்லறை வேன் வேனாக ஏறி இறங்கினான். எல்லாம் உள்ளுறை கிழிந்து தகடு தெரியும் பழைய வண்டிகள். வைத்த இடமெல்லாம் ஊக்கு தொங்கியது. கடைசி வேனிலிருந்து இறங்கும்போது அவன் முகம் தொங்கியது.

"எல்லாம் நல்ல காந்தம் அண்ணி" என்று காதோடு சொன்னான். "என் கண்டுபிடிப்பு புஸ்."

"ரொம்ப நல்லது" என்றார் தராசு. அந்த நிம்மதி அவனுக்குப் புரியவில்லை.

"முதலாளி, கையெழுத்தை ஒரு நிமிஷம் நிறுத்துங்க. இந்த வேனுக்குள்ள வந்து உக்காருங்க."

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே டிரைவர் இருக்கையில் ஏறினார். ஆன்டெனா இருக்கும் இடத்துக்கு நேர் கீழே, கூரைத் தகட்டில், ஊக்கை வைக்கச் சொன்னார் தராசு. வைத்தார். விரலை எடுத்தார்.

கிளிங்.

"இன்னொரு தடவை."

கிளிங்.

"ரெண்டு ஆம்பளை இழுத்தும் வராத காந்தம், ஒரு ஊக்கைத் தாங்கலை பாத்தீங்களா?" என்றார் தராசு. "அப்போ கூரையைப் பிடிச்சிருக்கிறது காந்தம் இல்லை. வேற ஏதோ."

சில்லறையைத் தையல்காரியிடமிருந்து நைலான் நூல் வாங்கிவரச் சொன்னார். ஏணியில் ஏறி, நூலை வட்டின் விளிம்புக்கும் கூரைக்கும் நடுவில் கொடுத்து, வாழைத்தண்டை அறுப்பது போல இழுத்தார். கண்ணாடிச் சிதறல் மாதிரி வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது. ஒரு சுற்று வந்ததும் வட்டு ஒற்றை விரலில் கழன்று வந்தது.

"பசை!" என்றார் இன்ஸ்பெக்டர், தேநீரைக் கீழே வைத்து.

"காந்தத்துக்குப் பசை போட்ட மகான் இந்தக் கிடங்குலதான் இருக்காரு" என்றான் சில்லறை. "மீனுக்கு நீச்சல் வளையம் மாட்டின கதை."

"இதையும் பாருங்க" என்றார் தராசு. "பின்னால ஓடற கீறல் பசைக்கு அடியிலிருந்து ஆரம்பிக்குது. முதல்ல கீறல், அப்புறம்தான் பசை. டிரைவர் சொன்னது நிஜம். ஆன்டெனா சறுக்கி விழுந்து, விலாவில ஊஞ்சலாடியிருக்கு. அவன் கத்தினது எங்கயும் போய்ச் சேரலை. பாவம், ஓவர் எச்சில் முழுங்கினது திருட்டு பயத்துல இல்லை. ஒரு மனுஷன் கூப்பிட்டது நமக்குக் கேக்காமப் போச்சேங்கற வருத்தம்."

ஓவர் மூக்கை உறிஞ்சினார். அன்று முதல் தடவையாக 'ஓவர்' சொல்லவில்லை.

"வேன் கிடைச்ச இடத்துக்கு நம்ம ஆள் யாரு முதல்ல போனது?"

முதலாளி மெதுவாகத் திரும்பினார். "மச்சான்தான். போலீசுக்குத் தகவல் சொன்னதே அவன்தான்."

"மச்சான் சார், கட்டைவிரலைக் காட்டுங்க. நொடியில ஒட்டற பசை கையில பட்டா ரேகையை மூடிக்கும். ரெண்டு மூணு நாள் ஆகும் உரிய. உழைச்சுத் தேஞ்ச விரல் வழவழன்னு இருக்காது. காய்ச்சுப்போய் இருக்கும்."

மச்சான் கையைப் பின்னாலிருந்து எடுக்கவில்லை. எடுத்தபோது கும்பிட்டபடிதான் எடுத்தார். கண்ணில் பொலபொலவென்று நீர்.

"அத்தான், மன்னிச்சிடுங்க! ஆசைப்பட்டுட்டேன். எல்லா வண்டிக்கும் மட்டமான பேஸ் வாங்கிட்டு, நல்லதுக்குப் பில் போட்டேன். அன்னிக்குப் போய்ப் பாத்தா அது தொங்கிட்டிருந்துச்சு. குட்டு உடைஞ்சிடுமேன்னு பசை வெச்சு ஒட்டிட்டேன். அவ்வளவுதான் என் தப்பு. கொள்ளைக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. அக்கா தலைமேல சத்தியம்!"

முதலாளியின் கோபம் பாதியில் தடுமாறியது. மனைவியின் முகம் கண்ணில் வந்திருக்க வேண்டும். பில்லில் கை வைத்த மைத்துனனை எந்த வியாபாரியும் பார்த்திருப்பான். திட்டலாம், அடிக்கலாம், கடைசியில் அதே வீட்டில்தான் சாப்பிட வேண்டும். "படுபாவி, உனக்கு இதுகூடவா..." என்று ஆரம்பித்துப் பெருமூச்சு விட்டார். இன்ஸ்பெக்டர்கூட டம்ளரைத் திரும்பக் கையில் எடுத்தார்.

சில்லறைக்கு மட்டும் சட்டைப் பையில் ஏதோ உறுத்தியது. தொட்டுப் பார்த்தான். ஊக்கு.

"அண்ணி... ஒரு நிமிஷம். மத்த வண்டியெல்லாம்..."

"சொல்லு தம்பி. நீதானே பாத்தே. உன் வாயாலயே சொல்லு."

"மத்த வண்டி எல்லாத்துலயும் நல்ல காந்தம்! ஒண்ணு கூட மட்டம் இல்லை. சார் வாங்கினதெல்லாம் கடைக்காரர் ஜீப்புல இருக்கிற அதே சரக்கு."

இன்ஸ்பெக்டர் டம்ளரைத் திரும்பக் கீழே வைத்தார்.

"கேட்டீங்களா?" என்றார் தராசு. குரல் படிக்கல் வைத்தது போல இறங்கியது. "வாங்கற விஷயத்துல இவர் சுத்தமான ஆள். இந்தக் கூரையிலயும் வருஷக்கணக்கா அகலமான, நல்ல பேஸ்தான் உக்காந்திருந்துச்சு. வெயில் படாத வளையம் சாட்சி. அதை எடுத்துட்டு, இந்த ஒரு வண்டிக்கு மட்டும், மலை ஏறப்போற அன்னிக்கு மட்டும், ஈயக் கட்டியை வெச்சது ஏன்? வளைவுல விழணும், ரேடியோ ஊமையாகணும். அப்புறம் எல்லாருக்கும் முந்திப் போய் ஒட்டி வெச்சது ஏன்? டிரைவர் பொய்யனாகணும். ஊமையா இருந்த ரேடியோ சொல்லாத இடத்தை உங்களுக்கு யாரு சொன்னது, மச்சான் சார்? வாங்கறதுல திருடினவன் உண்டு. செய்யாத திருட்டை அழுது ஒத்துக்கிட்டு, செஞ்ச திருட்டை மறைக்கிறவனை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

மச்சானின் கண்ணீர் குழாயைத் திருகிய மாதிரி நின்றது. அடுத்த கணம் அவர் ஓடினார்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுவதற்குள் மச்சான் கதவை எட்டிவிட்டார். கட்டைவிரலைப் பெட்டியில் அழுத்தினார்.

"மறுபடியும் முயற்சிக்கவும்."

கட்டைவிரல். ஆள்காட்டி விரல். இடது கை.

"மறுபடியும் முயற்சிக்கவும்."

"யோவ், திற! உன் விரலை வை!" என்று காவலாளியைப் பார்த்துக் கத்தினார்.

காவலாளி இரண்டு கட்டைவிரலையும் அக்குளுக்குள் செருகிக் கையைக் கட்டிக்கொண்டான். "உழைச்சு உழைச்சுத் தேஞ்சு போச்சு, மச்சான் சார்."

கிராதிக்கு அந்தப் பக்கம் தையல்காரி நின்றிருந்தாள். ஒன்றும் திட்டவில்லை. குனிந்து அவர் முகத்தின் பக்கவாட்டைப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, முற்றம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

"அக்கா, காது செவந்திருக்கு!"

முதலாளி புகார்த் தாளை மறுபடி தொடைமேல் விரித்தார். டிரைவர் பெயரை அடித்தார். அதன்மேல் எழுத வேண்டிய பெயருக்கு முன்னால் பேனா கொஞ்சம் நின்றது. இத்தனை வருஷமாக மச்சான் என்றே கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு அந்தப் பெயரை நினைவில் தேட வேண்டியிருந்தது.

சில்லறை ஊக்கைக் கிராதி வழியாகத் தையல்காரியிடம் நீட்டினான். அவள் வாங்கிக் கொத்தில் கோத்துக்கொண்டாள். பக்கத்தில், விலங்கு மாட்டுவதற்கு முன் கடைசித் தடவையாக, மச்சான் பெட்டியில் விரலை வைத்தார்.

"மறுபடியும் முயற்சிக்கவும்" என்றது பெண் குரல்.

"வேண்டாம்மா" என்றான் சில்லறை. "உனக்கும் இவருக்கும் ஜாதகம் பொருந்தலை."